வேகமாகப் பரவும் வைரஸை ஊரடங்கால் அடக்க முடியுமா?

"கொரோனாவின் டெல்டா, ஒமிக்ரான் வகைகள் போல மிக வேகமாகப் பரவும் வைரஸ் இனி ஒன்று வந்தால், ஊரடங்கு போட்டு அடக்க முடியுமா? இல்லை, அது மக்களுக்கு வெறும் கஷ்டம்தானா?" இதுதான் கேள்வி.

அடக்க முடியாது, தள்ளிப்போட முடியும் என்பது என் பதில். சில வாரம் கிடைக்கும். அந்தச் சில வாரத்தில் என்ன செய்தோம் என்பதைப் பொறுத்துத்தான் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்பது இருக்கிறது. இதை நான் வாசித்துச் சொல்லவில்லை, வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். கன்னியாகுமரி மாவட்டத்தில், குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடையில் ஒரு கடற்கரை ஊரில் கிராம சுகாதாரச் செவிலியராக இருக்கிறேன். ஊரில் எல்லோருக்கும் நான் சிஸ்டர்.

என் வீடு கடற்கரையில் இல்லை, திருவட்டாறு பக்கம் ஒரு விளையில் இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் நிறைய ஊர்ப் பெயர் 'விளை' என்றுதான் முடியும். தென்னையும் ரப்பரும் நிற்கும் நிலத்தின் நடுவில் ஒரு வீடு, பக்கத்து வீட்டாரைக் கூப்பிட வேண்டுமென்றால் சத்தம் போட்டுத்தான் கூப்பிட வேண்டும். 2020 மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு வந்தபோது எங்களுக்கு வாழ்க்கை பெரிதாக மாறவில்லை. கிணற்றில் தண்ணீர், தோட்டத்தில் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), மரத்தில் சக்கை (பலா). ரப்பர் பால் வெட்டுகிறவர் விடியற்காலையில் தனியாக வருவார், தனியாகப் போவார்.

அங்கிருந்து ஸ்கூட்டியில் புறப்பட்டு கடப்புறத்துக்கு வந்தால் வேறு உலகம். ஒரு பக்கம் கடல், அதனால் ஊர் விரியவே இடமில்லை. வீட்டுச் சுவரும் அடுத்த வீட்டுச் சுவரும் ஒன்று. எதிரே ஒருவர் வந்தால் ஒதுங்கி நின்று வழிவிடும் அளவுக்குத்தான் சந்து. அந்தச் சந்தில்தான் வலை பழுது பார்ப்பார்கள், துணி காயும், பிள்ளைகள் விளையாடும். "வீட்டிலேயே இருங்கள்" என்ற ஒரே அறிவிப்பு இந்த இரண்டு இடத்துக்கும் ஒரே அர்த்தத்தில் போய்ச் சேரவில்லை. ஊரடங்கைப் பற்றிப் பேசும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

சரி, வைரஸின் வேகத்துக்கு வருகிறேன். ஒரு சின்னக் கணக்கு போதும். 2020இல் வந்த முதல் வைரஸ், யாரும் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் இருந்தால் ஒருவரிடமிருந்து சராசரியாக 3 பேருக்குப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெல்டா அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதாவது 6 பேருக்கு. இப்போது ஊரடங்கு போட்டு மக்கள் ஒருவரையொருவர் சந்திப்பதில் 70 சதவீதத்தைக் குறைத்துவிட்டோம் என்று கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். மீதி 30 சதவீதம் எப்படியும் இருக்கும். ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, பால் வண்டி, தண்ணீர்க் குழாய், அப்புறம் வீட்டுக்குள்ளே இருக்கிறவர்கள்.

பழைய வைரஸுக்கு 3இல் 30 சதவீதம் என்றால் 0.9. பத்து நோயாளி ஒன்பது ஆவார்கள், ஒன்பது எட்டு ஆகும். மெதுவாக என்றாலும் அணைந்துவிடும். டெல்டாவுக்கு 6இல் 30 சதவீதம் 1.8. பத்து பேர் 18 ஆவார்கள், 18 பேர் 32 ஆவார்கள், அடுத்த சுற்றில் 58. அதே ஊரடங்கு, அதே கஷ்டம், ஆனால் நோய் ஏறிக்கொண்டுதான் இருக்கும். அப்படியென்றால் ஊரடங்கு வீண் என்று நினைக்க வேண்டாம். ஊரடங்கே இல்லாவிட்டால் அந்தப் பத்து பேர் 60, 360 என்று மூன்றாம் சுற்றில் 2160 ஆகியிருப்பார்கள். 58 பேருக்குப் படுக்கை தேடுவதற்கும் 2160 பேருக்குத் தேடுவதற்கும் உள்ள வித்தியாசம் 2021 மே மாதம், டெல்டா அலையில் வேலை செய்த எல்லோருக்கும் தெரியும்.

இன்னும் ஒரு படி போடுங்கள். ஊரில் பாதிப் பேருக்குத் தடுப்பூசியாலோ முன்பே வந்துபோன நோயாலோ எதிர்ப்பு சக்தி இருந்தால் அந்த 1.8 பாதியாகி 0.9 ஆகிவிடுகிறது. ஊரடங்கு மட்டும் முடிக்காத வேலையை ஊரடங்கும் ஊசியும் சேர்ந்து முடிக்கின்றன.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்தில் இது அப்படியே நடந்தது. 2020இல் அவர்கள் நூறு நாளுக்கு மேல் ஊரடங்கில் இருந்தார்கள். தினசரி 700 வரை போன தொற்று அக்டோபர் இறுதியில் பூஜ்ஜியத்துக்கு வந்தது. அதே நகரம், அதே கண்டிப்பு, 2021 ஆகஸ்டில் டெல்டாவுக்காகத் திரும்பப் பூட்டினார்கள். இந்த முறை பூட்டியிருக்கும்போதே தொற்று தினம் 2000ஐத் தாண்டிப் போனது. அக்டோபரில் பெரியவர்களில் 70 சதவீதம் பேர் இரண்டு ஊசியும் போட்டு முடித்த பிறகு திறந்துவிட்டார்கள். ஒரு தொற்றாளரைக் கண்டதும் நாட்டையே பூட்டிய நியூசிலாந்தும் 2021 அக்டோபரில் டெல்டாவை முழுதாக ஒழிக்கும் முயற்சியைக் கைவிட்டது. ஒமிக்ரான் வந்தபோது, இரண்டரைக் கோடிப் பேர் வாழும் ஷாங்காயை 2022இல் இரண்டு மாதம் பூட்டி எண்ணிக்கையைக் குறைத்தார்கள். ஆனால் அந்த ஆண்டு டிசம்பரில் சீனாவே கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும் ஒமிக்ரான் நாடு முழுக்கப் பரவிவிட்டது.

எங்கள் ஊருக்கு வருகிறேன். 2021 ஏப்ரல் 6 அன்று எங்களுக்குச் சட்டமன்றத் தேர்தலோடு நாடாளுமன்ற இடைத்தேர்தலும் இருந்தது. எங்கள் எம்.பி. வசந்தகுமார் முந்தைய ஆகஸ்டில் கொரோனாவில் இறந்துபோனதால் வந்த இடைத்தேர்தல் அது. கொரோனா கொண்டுபோன ஒருவரின் இடத்துக்கான தேர்தலில், முகக்கவசம் இல்லாமல் தோளோடு தோள் உரசி ஊர்வலம் போனார்கள். நான் ரோட்டோரம் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று எனக்கு வந்த பயம் இன்னும் நினைவிருக்கிறது.

மே 10 அன்று தமிழ்நாட்டில் ஊரடங்கு தொடங்கியது. மே 24 முதல் தளர்வே இல்லாத ஊரடங்கு. இரண்டுக்கும் முன்னால் கடைகளைத் திறந்துவிட்டார்கள், பொருள் வாங்கிக்கொள்ளுங்கள் என்று. எங்கள் பக்கத்துச் சந்தையில் அந்த நாட்களில் நின்ற கூட்டத்தை நான் திருவிழாவில்கூடப் பார்த்ததில்லை. மூடப்போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லாவிட்டால் மக்கள் பட்டினி கிடப்பார்கள், சொன்னால் கூட்டம் கூடும். இதற்கு எளிய வழி இல்லை என்று தெரியும். ஆனாலும் அந்தக் கூட்டத்துக்கு நாங்கள் கொடுத்த விலை அடுத்த பத்து நாளில் தெரிந்தது.

ஒரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு அறை, ஏழு பேர். வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிற அண்ணனுக்கு முதலில் காய்ச்சல். தனியாகப் படுக்க வையுங்கள் என்று நான் சொன்னபோது அவர் மனைவி கேட்டார்: "சிஸ்டரே, தனியா இருக்கச் சொல்லுதிய, எங்க இருக்க?" என்னிடம் பதில் இல்லை. ஊரடங்கு விதியை ஒருவர்கூட மீறாத வீடு அது. ஐந்தே நாளில் ஏழு பேருக்கும் வந்துவிட்டது. அந்த அண்ணனின் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு, அவருக்கு ஆக்சிஜன் அளவு 88க்கு இறங்கியது. படுக்கைக்கு ஒன்றரை நாள் அலைந்தோம். கிடைத்தது, ஆனால் அவர் திரும்பி வரவில்லை. அடக்கத்துக்கு நான்கு பேர்தான் நின்றோம்.

ஊரடங்கு வீட்டு வாசல் வரைக்கும்தான் வரும். வாசலுக்கு உள்ளே வைரஸுக்கு எந்தத் தடையும் இல்லை. வேகமாகப் பரவும் வகை என்றால், முதல் ஆளுக்கு இருமல் வந்து நாம் கவனிக்கும் முன்பே அடுத்தவருக்குப் போயிருக்கும்.

டெல்டாவுக்கு முன்பே இதற்கு ஒரு எச்சரிக்கை பக்கத்திலேயே இருந்தது. 2020 ஜூலை 17 அன்று, திருவனந்தபுரம் கடற்கரையில் பூந்துறை, புல்லுவிளை ஆகிய இரண்டு ஊர்களில் சமூகப் பரவல் என்று கேரள முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார். கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டினால் எங்கள் கடப்புறம் போலவே நெருக்கமான ஊர்கள். கட்டுப்பாடு இருக்கும்போதே பரவியது, அதுவும் வேகம் குறைந்த பழைய வைரஸ். அதைப் பார்த்து நாம் கற்றிருக்கலாம்.

அந்த அம்மா இறந்த பிறகு பங்குத்தந்தையிடம் போய்ப் பேசினேன். அன்றே பள்ளிக்கூடத்தைத் திறந்து கொடுத்தார். வகுப்பறையில் கட்டில் போட்டோம், ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்தோம். அன்பியம் என்று நாங்கள் சொல்லும் பங்கின் சிறு குழுக்களின் பொறுப்பாளர்கள் முறை வைத்துக் கஞ்சியும் முட்டையும் கொண்டுவந்தார்கள். காய்ச்சல் என்றதும் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் அந்த ஆளை அங்கே கொண்டுபோய்விடுவோம். அதற்குப் பிறகு நான் பார்த்த வீடுகளில், முதல் இரண்டு நாளுக்குள் நோயாளி வெளியே வந்த வீட்டில் மற்றவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். எல்லா வீட்டிலும் என்று சொல்லமாட்டேன்.

எனக்கும் மே கடைசியில் வந்தது, இரண்டு ஊசி போட்டிருந்தும். எங்கள் விளையில் ரப்பர் சீட் காயப்போடும் பழைய புரை (கொட்டகை) ஒன்று உண்டு, பக்கத்தில் தனிக் குளியலறையும் உண்டு. பதினான்கு நாள் அங்கேயே இருந்தேன். மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் வரவில்லை. எல்லோரும் என் கட்டுப்பாட்டைப் பாராட்டினார்கள். எனக்கு அந்த ஏழு பேர் வீடுதான் நினைவுக்கு வந்தது. எனக்கு ஒரு புரை இருந்தது, அவர்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.

மாநிலத்தில் தினசரி தொற்று மே 21 அன்று 36,000ஐத் தாண்டியது, ஜூன் முடிவில் 5000க்குக் கீழே வந்துவிட்டது. இதை முழுக்க ஊரடங்கின் கணக்கில் எழுத என் மனம் ஒப்பாது. அதற்குள் ஏராளமானவர்களுக்கு நோய் வந்து போயிருந்தது, அதுவும் வேகத்தைக் குறைத்திருக்கும். ஆனால் அந்த வாரங்களில்தான் ஆக்சிஜன் வந்து சேர்ந்தது. எங்கள் மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம் மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினுக்காகத் திரவ ஆக்சிஜன் வைத்திருக்கும் இஸ்ரோ வளாகத்திலிருந்துகூட அனுப்பினார்கள். ஊரடங்கு வாங்கித் தந்த நேரம் அங்கே உயிராக மாறியது.

விலையையும் சொல்ல வேண்டும். அரசு நிவாரணமாக அரிசி அட்டைக்கு 4000 ரூபாய், இரண்டு தவணையாக வந்தது. ஏழு பேர் வீட்டுக்கு 2000 எத்தனை நாள் வரும்? மே நடுவில் டவ்தே புயல், கடலுக்கும் போக முடியவில்லை. ஜூன் 1இல் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வேறு. அண்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் முந்திரி ஆலை மூடியதால் பெண்களின் கூலியும் நின்றது. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை விட்டுப்போனவர்கள், தடுப்பூசி தள்ளிப்போன குழந்தைகள், திருவனந்தபுரத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்து எல்லையைத் தாண்ட முடியாமல் நின்ற நோயாளிகள், இவர்களின் பெயரெல்லாம் என் பதிவேட்டில் இருக்கிறது. பதினான்கு வயதில் வள்ளத்தில் ஏறிய மூன்று பையன்கள் பள்ளிக்குத் திரும்பவே இல்லை. ஊரடங்கை நியாயப்படுத்துகிறவர்கள் இவர்களையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும்.

ஒமிக்ரானைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2022 ஜனவரியில் இரவு ஊரடங்கும், 9, 16, 23 தேதிகளில் ஞாயிறு முழு ஊரடங்கும் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வாங்க வேண்டிய மீனை எல்லோரும் சனிக்கிழமை மாலை கூட்டமாக நின்று வாங்கினார்கள். தினமும் ஆயிரக்கணக்கில் ஏறித்தான் ஜனவரி இறுதியில் இறங்கியது. இந்த முறை எங்கள் ஊரில் அடக்கங்கள் குறைவு. காரணம், அதற்குள் பெரும்பாலான பெரியவர்களுக்கு ஊசி போட்டு முடித்திருந்தோம். 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் ஊசி போட்ட மறுநாள் மாரடைப்பு வந்து, அதற்கடுத்த நாள் இறந்தபோது, அதற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் ஊரில் பலர் கதவைத் திறக்க மறுத்தார்கள். செப்டம்பரில் மெகா முகாம்கள் தொடங்கியபோது அதே வீட்டு வாசலில் திரும்பத் திரும்ப நின்றோம். அந்த நடைதான் ஜனவரியில் காப்பாற்றியது.

இனி ஒன்று வந்தால் ஊரடங்கு வேண்டுமா என்று என்னிடம் கேட்டால்: வைரஸைப் பற்றி எதுவும் தெரியாத முதல் வாரங்களிலும், படுக்கை நிரம்பி வழியும் நேரத்திலும், வேண்டும் என்பேன். குறுகியதாக, முடியும் தேதி சொல்லி. ஆனால் பணமும் அரிசியும் ஊரடங்குக்கு முந்தின நாளே வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நெருக்கமான ஊர்களில் நோயாளி தங்க இடம் தயாராக இருக்க வேண்டும். திறந்த கடற்கரையில் நடக்கும் மீன் ஏலத்தை நிறுத்துவதைவிட, நேரத்தைப் பிரித்துக் கூட்டத்தைக் குறைக்கலாம். காற்று ஓடும் இடத்தை மூடிவிட்டு மக்களைக் காற்றில்லாத அறைக்குள் அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்தப் பள்ளியில் போட்ட கட்டில்களை நாங்கள் திருப்பிக் கொடுக்கவில்லை. பங்கு மண்டபத்தின் பின்னறையில் அடுக்கி வைத்திருக்கிறோம். போன மாதம் போய்ப் பார்த்தேன். உப்புக்காற்றில் இரண்டு கட்டிலின் கால் துருப்பிடித்திருந்தது. மாற்றச் சொல்லியிருக்கிறேன்.