குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலையில் என்ன நன்மை?

பெற்றோர் வேலைக்குப் போகும் நேரத்தில் அவர்களுடைய வீட்டிலேயே இருந்து, குழந்தைக்குச் சோறூட்டி, குளிப்பாட்டி, தூங்கவைத்துப் பார்த்துக்கொள்வதுதான் இந்த வேலை. மதுரையில் 'பிள்ளை பார்க்கிற அக்கா' என்றால் எல்லோருக்கும் புரியும்.

இதன் பெரிய நன்மை, வேலை நிலைப்பது. காரணம் குழந்தைதான். ஒரு வயதுக் குழந்தை பழகிய முகத்தைத் தேடும். புது ஆளைக் கண்டால் வீறிட்டு அழும். அதனால் நன்றாகப் பார்த்துக்கொள்பவரை மாற்ற எந்த வீட்டிலும் யோசிப்பார்கள். விடுப்போ சம்பள உயர்வோ கேட்கும் பலம் அங்கிருந்துதான் வருகிறது. வருமானமும் நிலையானது. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை விலை முகூர்த்த நாளில் ஏறும், அப்புறம் இறங்கும். பூ விற்பவரின் வருமானமும் அதோடு ஆடும். பிள்ளை பார்க்கும் வேலையில் அப்படி இல்லை, மாதம் பிறந்தால் பேசிய சம்பளம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: தமிழ்நாட்டில் 2007 முதல் வீட்டுப் பணியாளர்களுக்குத் தனி நல வாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை பதியலாம். பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் உண்டு. தயவுசெய்து பதிந்துகொள்ளுங்கள்.

பாத்திரம் கழுவுவதும் வீடு துடைப்பதும் இதிலேயே அடக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது வேறு வேலை, அதற்குத் தனியாகச் சம்பளம் பேச வேண்டும்.