டிப்ரஷன் மாத்திரைய நிறுத்தினதும் தலைக்குள்ள ஷாக் அடிக்குது, அழுகை அழுகையா வருது. நோய் திரும்பிடுச்சா?

நான் டாக்டர் இல்ல, இதே வழியா வந்தவ. நீங்க எழுதினத படிச்சா நோய் திரும்பின மாதிரி எனக்குத் தோணல, மாத்திரை திடீர்னு இல்லாமப் போனதுக்கு உடம்பு படுற பாடு மாதிரிதான் தெரியுது.

எனக்குக் கொடுத்தது வென்லாஃபாக்சின்ங்கிற டிப்ரஷன் மாத்திரை. பாதியாக்கி, அப்புறம் நிறுத்திடலாம்னு டாக்டர் சொன்னாங்க, நிறுத்தின கையோட ஆரம்பிச்சிருச்சு. தலைய ஆட்டக்கூட வேணாம், கண்ண மட்டும் சட்டுனு ஓரமா திருப்பினாலே மண்டைக்குள்ள விர்ருனு ஒண்ணு ஓடும், ஒரு நொடி எல்லாமே அறுந்து போய் திரும்ப வரும். படி இறங்கும்போது கைப்பிடிய விடமாட்டேன். டிவில ஏதோ சோப்பு விளம்பரம் ஓடும், எனக்கு பொலபொலன்னு கண்ணீர் கொட்டும். வீட்ல "பாத்தியா, மாத்திரை இல்லாம உன்னால முடியாது"ன்னாங்க, அதுதான் ரொம்ப வலிச்சுது.

வித்தியாசம் இருக்குங்க. நிறுத்தின சில நாள்லயே வந்து, கூடவே ஷாக், தலைசுத்தல், குமட்டல், விசித்திரமான கனவுன்னு முன்னாடி உங்க டிப்ரஷன்ல இல்லாததெல்லாம் இருந்தா அது பெரும்பாலும் மருந்து விட்டதோட விளைவு. நோய் திரும்புறது பொதுவா வாரக்கணக்குல, மாசக்கணக்குல மெதுவா வரும். வென்லாஃபாக்சின், பராக்செட்டின் மாதிரி உடம்ப விட்டு சீக்கிரம் போற மருந்துல இந்தத் தொல்லை ஜாஸ்தி, ஃப்ளூவாக்செட்டின் வாரக்கணக்குல உள்ளயே தங்குறதால அதுல கம்மி, வந்தாலும் லேட்டா வரும்.

எனக்குக் கண்ணத் தொறந்து விட்டது 2019ல மார்க் ஹாரோவிட்ஸ், டேவிட் டெய்லர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் லான்செட் சைக்கியாட்ரிங்கிற மருத்துவ இதழ்ல எழுதின கட்டுரை. சிட்டலோப்ராம்ங்கிற இன்னொரு டிப்ரஷன் மருந்த 20 மில்லிகிராம் எடுத்தா மூளைல அது வேலை செய்யுற இடத்துல சுமார் 80 சதவீதத்த புடிச்சுக்குது, சரி கால்வாசியா குறைச்சு 5 மில்லிகிராம் பக்கம் வந்தா 20 சதவீதம்தானே இருக்கணும்னு நெனப்போம், ஆனா அப்பவும் கிட்டத்தட்ட 60 சதவீதம் புடிச்சிருக்கும். அந்த சின்ன மாத்திரைல இருந்து ஒரேடியா பூஜ்ஜியத்துக்குப் போனா அந்த 60ம் ஒரே அடில போகுது. அதனால குறைக்க குறைக்க இன்னும் சின்னச் சின்னதா, இன்னும் மெதுவா குறைக்கணும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுறது வேணாம், வென்லாஃபாக்சின்லாம் மணிக்கணக்குல இறங்கிடும், ஏறி எறங்கி ஆட்டம்தான் மிச்சம்.

நான் டாக்டர மாத்தினேன். புது டாக்டர் குறைஞ்ச டோஸ்ல திரும்ப ஆரம்பிச்சு விட்டாங்க, சீக்கிரமே ஷாக் அடங்கிடுச்சு. அப்புறம் மாசக்கணக்குல குறைச்சோம். தேதி, டோஸ், தூக்கம், என்ன பண்ணுச்சுன்னு ஒரு நோட்ல எழுதி வெச்சேன், அடுத்த படி எப்போன்னு முடிவு பண்றப்ப அவங்க அதத்தான் முதல்ல வாங்கிப் பாப்பாங்க.

உங்க டாக்டர்கிட்ட திரவ மருந்து இல்லன்னா சின்ன டோஸ் கிடைக்குமான்னு கேளுங்க, மெதுவா கரையுற வகைய நீங்களா நசுக்கிடாதீங்க. தலைசுத்துற வரைக்கும் வண்டி ஓட்டாதீங்க. சிலருக்கு சில வாரத்துல அடங்கிடும், சிலருக்கு மாசங்கள் ஆகும், ரெண்டும் நடக்குறதுதான். ஆனா சாகணும்னு எண்ணம் வந்தா, உக்கார முடியாத அளவுக்கு பதட்டம் வந்தா, அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க, பக்கத்துல யாரு இருந்தாலும் கூட்டிக்கிட்டு அன்னைக்கே எமர்ஜென்சிக்குப் போங்க.