11 ஜிபி தீமிதி ஒரே டிஸ்க்ல அடங்குமா?

கேள்வி: எங்க தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதியை தம்பி கேமராவுல எடுத்து எடிட் பண்ணி வச்சிருக்கான், 2 மணி 20 நிமிஷம் ஓடுது, ஃபைல் 11.2 ஜிபி. லயத்து வீட்டுல இருக்கிற பாட்டிக்கு டிவிடி பிளேயர்தான் பழக்கம். 4.7 ஜிபி டிஸ்க் வாங்கி போட்டா எடம் பத்தலங்குது, ஸிப் பண்ணியும் ஒண்ணும் கொறையல, கடைசியில மூணு துண்டா வெட்டி மூணு டிஸ்க்ல ஏத்துனா பிளேயர் படிக்கவே மாட்டேங்குது. என்னதான் செய்யறது?
வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அக்கா, மொதல்ல அந்த 11.2-ஐ மறந்துடுங்க. பாட்டி வீட்டு பிளேயருக்கு ஃபைல் எத்தனை ஜிபிங்கிறது முக்கியமே இல்ல, எத்தனை நிமிஷம் ஓடுதுங்கிறதுதான் கணக்கு. ஏன்னா நீங்க ஃபைலை அப்படியே காப்பி பண்ணா அது வெறும் டேட்டா டிஸ்க், பழைய பிளேயருக்கு அது புரியாது, அதான் மூணு டிஸ்க்கும் வீணா போச்சு. அதுக்கு வேண்டியது டிவிடி வீடியோ, அதாவது படத்தை எம்பெக்-2ங்கிற டிவிடி பிளேயருக்குப் புரியுற வீடியோ முறையில மாத்தி, நம்ம மலேசியா டிவி முறையான பால் (PAL) அளவுக்கு 720க்கு 576 புள்ளின்னு சின்னதாக்கி, அதுக்குன்னு இருக்கிற ஃபோல்டருக்குள்ள வைக்கணும். எப்படியும் புதுசா மாத்தப் போறோம், அப்ப பழைய ஃபைல் 11 ஜிபியா இருந்தா என்ன 30 ஜிபியா இருந்தா என்ன?

ஸிப் ஏன் உதவலன்னா, வீடியோ ஏற்கனவே நசுக்கி வச்ச சாமான், பிழிஞ்ச தேங்காயை மறுபடி பிழிஞ்சா என்ன வரும்.

இப்ப கணக்கு. டிஸ்க் மேல 4.7னு போட்டிருந்தாலும் விண்டோஸ்ல 4.38னுதான் காட்டும், கடைக்காரர் ஏமாத்தல, அவங்க ஆயிரம் ஆயிரமா எண்றாங்க, விண்டோஸ் 1024ஆ எண்ணுது, அவ்வளவுதான். 2 மணி 20 நிமிஷம்னா 8,400 வினாடி, மொத்த எடத்தை அதால வகுத்தா வினாடிக்கு கிட்டத்தட்ட 4,470 கிலோபிட் வருது. சத்தத்துக்கு 192 போக, கொஞ்சம் எடம் மிச்சம் விட்டு படத்துக்கு 4,000னு வச்சா ஒரே டிஸ்க்ல தாராளமா அடங்கிடும். மூணு மணி நேரத்துக்கு மேல போனா நான் ரெண்டு டிஸ்க்கா பிரிச்சிடுவேன், இல்லன்னா பூக்குழியில புகை கெளம்புற எடமெல்லாம் கட்டம் கட்டமா ஒடையும், தீமிதி வீடியோவுல அதைத்தானே எல்லாரும் பார்ப்பாங்க!

8.5 ஜிபி ரெண்டு அடுக்கு டிஸ்க்கும் இருக்கு, ஆனா வெலை கூட, பழைய பிளேயர் சிலது நடுவுல முழிக்கும், எனக்கு அது மேல அவ்வளவா நம்பிக்கை இல்ல.

சாஃப்ட்வேருக்கு டிவிடிஸ்டைலர் போதும், இலவசம், மாத்துறது, டிஸ்க்ல ஏத்துறது (பர்ன் பண்றது) ரெண்டும் அதுலயே முடிஞ்சிடும். பால்னு தேர்ந்தெடுக்க மறந்துடாதீங்க. பல பேர் ஹேண்ட்பிரேக்ங்கிற சாஃப்ட்வேரைப் போடச் சொல்வாங்க, நல்ல சாமான்தான், ஆனா அது எம்பி4 மாதிரி ஃபைலாதான் குடுக்கும், பாட்டிக்கு ஆகாது. ராத்திரி போட்டுட்டு தூங்கப் போங்க, பழைய லேப்டாப்னா மாத்தி முடிக்க மணிக்கணக்காகும். பர்ன் பண்றப்போ வேகம் 16எக்ஸ் வேணாம், 4எக்ஸ் இல்லன்னா 8எக்ஸ் வைங்க. டிஸ்க் மேல அம்மன் படம் ஸ்டிக்கர் ஒட்டாதீங்க அக்கா, சுத்துறப்போ ஆடும், மார்க்கர்ல பேர் எழுதுனா போதும்.

கேள்வி: அதே மாதிரி 6 ஜிபி கல்யாண வீடியோவை 32 ஜிபி பென்டிரைவ்ல போட்டா ஃபைல் பெருசுங்குது. காலியாதானே இருக்கு?
இன்னொரு வாசகர், அதே ஊரு

பதில்: பென்டிரைவ் ஃபேட்32ங்கிற பழைய ஃபார்மேட்ல இருக்கும், அதுல ஒத்த ஃபைல் 4 ஜிபிக்கு மேல ஏறாது. பெரிய ஃபைலும் ஏறுற எக்ஸ்ஃபேட்ங்கிற ஃபார்மேட்டுக்கு மாத்துங்க, உள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடும், முன்னாடியே எடுத்து வச்சிடுங்க. பழைய டிவி சிலதுக்கு எக்ஸ்ஃபேட் தெரியாது, அப்ப ஃபேட்32லயே விட்டுட்டு வீடியோவை ரெண்டா வெட்டிக்குங்க, தாலி கட்டுற எடத்துல மட்டும் வெட்டிடாதீங்க.