இன்ஃபினிட்டி வந்த கணக்கு – கடிதம்

அன்புள்ள சார்,
தண்ணி மூலக்கூறு மேல ரொம்ப மெதுவான எலக்ட்ரான் மோதினா எவ்வளவு சிதறும்னு போர்ன் அப்ராக்சிமேஷன்ல (சிதறலை லேசானதுன்னு எடுத்துக்கிற தோராய முறை) கணக்குப் போட்டேன். மொத்த கிராஸ் செக்‌ஷன் (எலக்ட்ரானுக்கு மூலக்கூறு எவ்வளவு பெரிய குறியாத் தெரியுதுங்கிற பரப்பு) இன்ஃபினிட்டினு வருது. கைடு தப்புன்னு அடிச்சுட்டார். தண்ணியோட டைபோல் (மூலக்கூறுல பிளஸ்ஸும் மைனஸும் பிரிஞ்சு நிக்கிற அளவு) 1.85 டிபை (அதோட அலகு), 1947ல இயற்பியலாளர்கள் ஃபெர்மியும் டெல்லரும் சொன்ன 1.625ங்கிற வரம்பைத் தாண்டுறதாலயா இப்படி? இதுல பிஎச்டி பண்ணா வேலை கிடைக்குமா?

தம்பி,
வேலையைப் பத்தி இப்ப வேலை தேடிட்டு இருக்கிறவங்ககிட்ட கேளு. 1.625க்கும் உன் கணக்குக்கும் சம்பந்தம் இல்ல, அது எலக்ட்ரான் மூலக்கூறோட ஒட்டிக்குமாங்கிற கேள்வி. 1.08 டிபை இருக்கிற ஹைட்ரஜன் குளோரைடுக்கும் இதே இன்ஃபினிட்டி வரும், போட்டுப் பாத்தியா? எங்கயோ படிச்ச நம்பரைக் கொண்டுவந்து முடிச்சுப் போடுற பழக்கத்தை இன்னைக்கே விடு.

ஆனா அந்த ‘அடிச்சுட்டார்’ங்கிற வார்த்தை ரெண்டு நாளா மனசுலயே நிக்குது. எம்எஸ்சி வைவால நானும் இதே கணக்கோட நின்னேன், எக்ஸாமினர் பேப்பரைத் தள்ளிவிட்டார், ரூமுக்கு வந்து அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டேன். அதுல தப்பே இல்லன்னு புரிய ரொம்ப வருஷம் ஆச்சு.

நீ என்ன செஞ்சே, மூலக்கூறை ஆணி அடிச்ச மாதிரி ஒரே திசையில நிறுத்திட்டே. டைபோலோட பொட்டென்ஷியல் (எலக்ட்ரானுக்கு அது தர்ற நிலை ஆற்றல்) தூரத்தோட வர்க்கத்துக்கு எதிர்விகிதமாத்தான் குறையும், அதனால எவ்வளவு தள்ளிப் போற எலக்ட்ரானும் துளியாவது திரும்பும், அந்தத் துளியெல்லாம் கூட்டினா முடியவே முடியாது, கணக்கு நேர்மையா அதைத்தான் சொல்லுது. நிஜத்துல மூலக்கூறு சுத்திட்டே இருக்கு. ரொம்ப தூரத்துல போற எலக்ட்ரான் கடந்து முடிக்கிறதுக்குள்ள அது பல சுத்து சுத்திடும், இழுப்பும் தள்ளலும் அடிபட்டுப் போகும். சுத்தவிட்டுக் கணக்குப் போடு, இன்ஃபினிட்டி போயிடும். அப்பவும் பெரிய நம்பர்தான் வரும், பயப்படாதே. 10 மில்லி எலக்ட்ரான் வோல்ட்ல எலக்ட்ரானோட அலைநீளமே 120 ஆங்ஸ்ட்ராம் கிட்ட, தண்ணி மூலக்கூறு 3 ஆங்ஸ்ட்ராம்தான், அதனால மூலக்கூறோட சைஸை வெச்சு நம்பரை எதிர்பார்க்காதே.

இன்னொண்ணு. சோதனை நம்பர் இதைவிடக் கம்மியா இருக்கேன்னு யாராவது உன்னை மடக்கினா தலையாட்டிட்டு வராதே. வாயு அடைச்ச செல்லுக்குள்ள எலக்ட்ரான் பீமை விட்டு அந்தப் பக்கம் எவ்வளவு வருதுன்னு எண்ணுவாங்க, ஒரு டிகிரி திரும்பினதும் நேராப் போறது வெளிய வர்ற அதே ஓட்டை வழியா வந்து ‘மோதவே இல்ல’ங்கிற கணக்குல சேந்துடும். டைபோல் இருக்கிற மூலக்கூறுல சிதறல்ல பெரும்பங்கு அந்தச் சின்னக் கோணத்துலதான். அதுக்குத் திருத்தம் போட்டிருக்காங்களான்னு முதல்ல கேளு.

ஹைட்ரஜன் குளோரைடுக்கு ஆணி அடிச்சு ஒரு தடவை, சுத்தவிட்டு ஒரு தடவை போட்டு எனக்கு அனுப்புப்பா. கைடு அடிச்ச பக்கத்தையும் சேத்து அனுப்பு, கிழிச்சுடாதே.