கோழிக்குப் புழுத் தீவனம் கொடுக்கலாமா?

கருவாட்டுத் தூள் கட்டுப்படியாகவில்லை, கோழிக்குப் புழு கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கொடுக்கலாம். 'பிளாக் சோல்ஜர்' ஈயின் புழுவை உலர்த்தினால் எடையில் சுமார் 40 சதவீதம் புரதம். வளர்ந்த ஈ நம் சாப்பாட்டில் வந்து மொய்ப்பதில்லை, பயம் வேண்டாம்.

பலா சீசனில் பண்ருட்டிச் சாலையோரம் குவிந்து அழுகும் சக்கை இதற்கு அருமையான இரை. புழுக்கள் அதில் இறங்கினால் சளசளவென்று சத்தமே கேட்கும். இரண்டு மூன்று வாரத்தில் கொழுத்துக் கருத்து, காய்ந்த இடம் தேடித் தாமாகவே ஏறிவரும், அள்ளிக்கொள்ளலாம். மத்தி மீனை அரைத்துக் கோழிக்குப் போடுவதைவிட மனிதர் தட்டில் வைப்பதே நியாயம் என்பேன்.

மனிதருக்கும் பூச்சி புதிதல்ல. மழைக்குப் பின் ஈசல் பிடித்து, இறகு புடைத்து, அரிசியோடு வறுத்துத் தின்றவர்கள்தானே நாம். இறால் ஒவ்வாதவர்கள் மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.