விச்சா தட்டா என்பதை விடுங்கள், கமாவைப் பாருங்கள்

'ஹூ, விச், தட் மூன்றில் எப்போது எதைப் போடுவது, விச்சுக்கு முன்னால் கமா கட்டாயமா' என்று கேட்டிருக்கிறீர்கள். அலுவலகத்தில் யாரோ உங்கள் மெயிலைத் திருத்தி எல்லோருக்கும் காப்பி போட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். வேலைக்குப் போகிறவர் வேறெதற்கு இதைத் தேடி வரப்போகிறார்.

ஆளுக்கு ஹூ, பொருளுக்கு விச், இரண்டுக்கும் தட். இதைப் பள்ளியிலேயே சொல்லிவிட்டார்கள், 'இரண்டு வாக்கியங்களை இணைத்து எழுதுக' என்று மார்க்கும் வாங்கிவிட்டோம். சொல்லாமல் விட்டது கமாவைத்தான்.

நான் திருப்பூரில் பனியன் ஏற்றுமதியில் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர்களைக் கவனித்துக்கொள்கிறவன். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருமுறை லோடு ஏற்றும்போது மழை பிடித்து சில பெட்டிகள் நனைந்துவிட்டன. பையருக்கு, அதாவது சரக்கு வாங்குகிறவருக்கு, நான் எழுதியது, 'தி கார்ட்டன்ஸ் தட் காட் வெட் வில் பி ரீபேக்டு'. நனைந்ததை மட்டும் மறுபடி பேக் செய்கிறோம், மற்றவை அப்படியே போகும் என்று அர்த்தம். எங்கள் மேனேஜர் தட்டை எடுத்துவிட்டு விச்சை வைத்து, இரண்டு பக்கமும் கமா போட்டு அனுப்பினார். கேட்டால், அதுதான் 'ஸ்டாண்டர்டு இங்கிலீஷ்' என்றார். இப்போது அந்த வாக்கியத்தின்படி பெட்டிகள் எல்லாமே நனைந்துவிட்டன, எல்லாவற்றையும் பிரித்துப் பேக் செய்யப் போகிறோம். பையர் அரண்டுபோய் மொத்த லோடையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். குடோனில் ஒவ்வொரு பெட்டியாகப் போட்டோ எடுத்து அனுப்பிச் சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மீட்டிங்கில் விசாரித்தபோது அவர் 'டிராஃப்ட் என்னுடையது இல்லை' என்று என் பக்கம் கையைக் காட்டினார். அவர் கான்வென்ட், நான் தமிழ் மீடியம், யாரை நம்பியிருப்பார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வருஷ அப்ரைசலில் எனக்கு 'கம்யூனிகேஷன் போதாது' என்று எழுதினார்கள்.

சரி, விஷயம் இவ்வளவுதான். ஹூ, விச், தட் என்று தொடங்கும் அந்தத் துண்டை வாக்கியத்திலிருந்து எடுத்துவிட்டால் எதைச் சொல்கிறோம் என்றே தெரியாமல் போகுமா? அப்போது கமா கூடாது. எடுத்தாலும் தெரியும், கூடுதலாக ஒரு தகவல்தான் என்றால் கமா வேண்டும், அங்கே தட் வராது.

உடனே யாராவது வந்து 'கமா இல்லாமல் விச் எழுதுவதே தப்பு' என்பார்கள். தெரியும் ஐயா. அது அமெரிக்கப் பத்திரிகைக்காரர்களும் பதிப்பாளர்களும் பிடித்துக்கொண்ட வழக்கம். 1926ல் ஆங்கிலப் பயன்பாடு பற்றிப் புத்தகம் எழுதிய ஃபௌலர் என்ற ஆங்கிலேயர், கமா இல்லாத இடத்துக்குத் தட், கமா வரும் இடத்துக்கு விச் என்று பிரித்துக்கொண்டால் தெளிவாக இருக்கும் என்று யோசனைதான் சொன்னார், எல்லோரும் அப்படி எழுதுகிறார்கள் என்று அவரே சொல்லவில்லை. 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு மறுநாள் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் பேசியது 'எ டேட் விச் வில் லிவ் இன் இன்ஃபமி', கமா இல்லாத விச். தட்டச்சுப் பிரதியில் 'வேர்ல்டு ஹிஸ்டரி' என்றிருந்ததைத் தன் கையால் அடித்து 'இன்ஃபமி' ஆக்கியவர், பக்கத்திலேயே இருந்த விச்சைத் தொடவில்லை. கமா இல்லாத விச்சுக்கு அடியில் கணினி போடும் திருத்தக் கோட்டைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இதை அவரிடம் போய்ச் சொல்லட்டும்.

நமக்கு உண்மையில் உதைக்கும் இடம் வேறு. தமிழில் 'நான் வேலை பார்த்த கம்பெனி', 'துணி வெட்டிய கத்தரி' என்று பெயரெச்சம் போட்டாலே முடிந்தது. கம்பெனியில், கத்தரியால் என்ற உருபெல்லாம் தானாக விழுந்துவிடும், கேட்கிறவர் புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் அதை விட முடியாது. 'தி கம்பெனி விச் ஐ ஒர்க்டு' என்று நிறுத்தினால் அந்தரத்தில் நிற்கும், பின்னால் ஒரு 'ஃபார்' வேண்டும். கத்தரிக்கு 'வித்'. எங்களுக்கு வரும் பயோடேட்டாக்களில் பாதிப் பிழை இதுதான், விச்சா தட்டா என்பது இல்லை. இதற்காக ஒருத்தரை நிராகரிக்கவும் கூடாது, அது வேறு கதை.

ஹூவின் இன்னொரு வடிவமான ஹூம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அடுத்து அங்கேதான் வருவீர்கள். 'டு ஹூம்', 'வித் ஹூம்' என்று முன்னால் ஒட்டிக்கொண்டு வரும்போது மட்டும் போடுங்கள். மற்ற இடங்களில் ஹூ எழுதினால் எந்தப் பையரும் லோடைத் திருப்பி அனுப்ப மாட்டார்.