கண்டாலே ஒளிந்துகொள்ளும் நாயைத் தத்தெடுக்கலாமா?

வணக்கம் மேடம்,

எனக்கு வயது 38. வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதும் வேலை. கணவர் காலையில் கிளம்பினால் இரவுதான் வருவார். என் அம்மா எங்களோடு இருக்கிறார். குழந்தைகள் இல்லை, அதில் எங்களுக்கு வருத்தமும் இல்லை. நாய் வளர்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. காசு கொடுத்து வாங்க மனம் ஒப்பவில்லை. அதனால் தெருவிலிருந்து மீட்ட நாய்களைப் பராமரிக்கும் ஒரு காப்பகத்துக்குப் போய்வர ஆரம்பித்தேன்.

அங்கே செவலை என்று ஒரு பெண் நாய் இருக்கிறது. இரண்டு வயது இருக்கும் என்கிறார்கள். தடுப்பூசி போட்டாகிவிட்டது, கருத்தடையும் செய்தாகிவிட்டது. உடம்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் யார் கூண்டுப் பக்கம் வந்தாலும் பின் மூலைக்கு ஓடி, தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் உடம்பைத் திணித்துக்கொண்டு, முகத்தைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். மற்ற நாய்கள் கம்பியில் காலைத் தூக்கி வைத்து வாலை ஆட்டுகின்றன. வருகிறவர்கள் அவற்றைத்தான் கொஞ்சுகிறார்கள். அக்கம்பக்கத்துக் கூண்டுகளில் இருந்த நாய்கள் போய், புதிதாக வந்தவையும் போய்விட்டன. இதைக் கேட்க ஆளில்லை.

நான் போகும்போது கூண்டுக்கு வெளியே, அதற்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, கையில் இருப்பதை மெல்ல வாய்விட்டுப் படிப்பேன். ஒருநாள் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். முகம் சுவரில்தான் இருந்தது. ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியிருந்தது. அன்றிலிருந்து எனக்கு வேறு நாயைப் பார்க்கவே தோன்றவில்லை.

சின்ன வயதில் நானும் இப்படித்தான் இருந்தேன். வீட்டுக்கு யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். "பேசினால் முத்து உதிர்ந்துவிடுமா?" என்று கையைப் பிடித்து இழுத்துவந்து நடுக்கூடத்தில் நிறுத்துவார்கள். அந்த நேரத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கணவர், "உனக்குப் பிடித்தால் சரி" என்கிறார். அம்மாவோ, "ஒளிஞ்சுக்கிற நாயைக் கூட்டி வந்து என்ன பண்ணப் போற? ஓடி வர்ற குட்டியா ஒண்ணு பார்த்து எடுத்துட்டு வா" என்கிறார். ஒரு தோழி, "நாய்தான் நம்மைத் தேர்ந்தெடுக்கணும், அது உன்னைத் தேர்ந்தெடுக்கலையே" என்றாள். அது மனதில் தைத்துவிட்டது.

என்னைப் பிடிக்காத ஓர் உயிரைப் பிடிவாதமாக வீட்டுக்குக் கொண்டுவருவது சரியா? என்னையே அதனிடம் பார்த்துப் பரிதாபப்படுகிறேனா? கடைசிவரை அது என்னிடம் வராமலே இருந்துவிட்டால்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் தோழி சொன்னதை எடுத்துக்கொள்வோம். தேர்ந்தெடுக்க வேண்டுமானால் கொஞ்சமாவது நிதானமான மனம் வேண்டும். நாள் முழுக்கக் குரைப்புச் சத்தம், கம்பிக் கதவு திறந்து மூடும் ஓசை, எந்நேரமும் புது ஆட்கள். இதற்கு நடுவில் செவலைக்கு இருக்கும் ஒரே வேலை, ஆபத்து நெருங்காமல் பார்த்துக்கொள்வது. அது உங்களை எடைபோட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. எடைபோடும் நிலைக்கே இன்னும் வரவில்லை.

இப்படிப்பட்ட பயத்துக்கு இரண்டு வேர்கள் இருக்கலாம். யாராவது அடித்திருக்கலாம். அல்லது, கெட்டது எதுவும் நடக்காமலேகூட, நல்லது நடக்க வேண்டிய வயதில் நடக்காமல் போயிருக்கலாம். நாய்க்குட்டிகளுக்குப் பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பதினான்காவது வாரம் வரை ஒரு முக்கியமான பருவம். அப்போது பழகியவர்களைத்தான் "இவர்கள் நம்மவர்கள்" என்று மனம் பதிந்துகொள்ளும். 1961-ல் ஃப்ரீட்மன், கிங், எலியட் என்ற மூன்று ஆய்வாளர்கள், மனிதத் தொடர்பே இல்லாமல் வளர்ந்த குட்டிகளை வெவ்வேறு வயதில் மனிதரோடு பழகவிட்டுப் பார்த்தார்கள். 14 வாரம் வரை மனிதரோடு பழகாத குட்டிகள் காட்டு விலங்குபோல விலகி ஓடின. தெருவில் ஏதோ ஒரு மறைவிடத்தில் பிறந்து, தாயைத் தவிர யாரையும் அறியாமல் வளர்ந்த நாய்க்கும் இதே நிலை வரலாம். எனவே செவலைக்குப் பின்னால் ஒரு கொடூரக் கதை இருந்தே தீர வேண்டும் என்று கற்பனை செய்து வருந்தாதீர்கள். இப்படி வளர்ந்த நாய்கள் பெரியதான பிறகும் மாறுகின்றன, மெதுவாக. சில நாய்கள் வீட்டாரோடு மட்டும் ஒட்டிக்கொண்டு, வெளி ஆட்களிடம் ஆயுசு முழுக்க ஒதுங்கியே இருக்கும்.

இப்போது உங்களைப் பற்றி. ஆமாம், செவலையிடம் உங்களைத்தான் பார்க்கிறீர்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. மற்றவர்கள் தாண்டிப் போன ஒரு கூண்டின் முன்னால், முதுகைக் காட்டி உட்கார வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே, அதை யாரும் சொல்லித்தரவில்லை. கூச்சத்தை உள்ளிருந்து அறிந்தவருக்கு மட்டுமே அது தோன்றும். பயந்த நாயிடம் நேருக்கு நேர் பார்க்காமல், பக்கவாட்டிலோ முதுகைக் காட்டியோ இருப்பதைத்தான் பயிற்சியாளர்களும் சொல்வார்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. அன்று உங்களை யாரும் புரிந்துகொள்ளவில்லை என்ற வலிக்கு, செவலை குணமாவதை மருந்தாக வைத்துக்கொண்டால் சிக்கல். அது ஒருநாள் பின்வாங்கும்போதெல்லாம் நீங்கள் உடைந்துபோவீர்கள். உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் நாய்க்கு அதுவும் ஒரு பாரம். ஒரு கேள்வி கேட்கிறேன், நிதானமாக யோசித்துப் பதில் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த செவலை, உங்களை விட்டுவிட்டு முதலில் உங்கள் அம்மாவின் காலடியில் போய்ப் படுத்தால் சந்தோஷப்படுவீர்களா? இது நடக்கக்கூடியது. தன்னிடம் எதையும் எதிர்பார்க்காத ஆளைத்தான் பயந்த நாய்கள் பல நேரம் முதலில் நம்புகின்றன. "நடக்கட்டும், யாரிடமாவது போனால் போதும்" என்று மனதாரச் சொல்ல முடிந்தால் நீங்கள் தயார். தொண்டை அடைத்தால், இன்னும் கொஞ்ச நாள் காப்பகத்துக்குப் போய்வந்துகொண்டே, அந்தக் கதவுக்குப் பின்னால் நின்ற சிறுமியைப் பற்றி ஓர் ஆலோசகரிடம் நேரில் பேசுங்கள். அவளுக்குக் கிடைக்க வேண்டிய ஆறுதலை ஒரு நாய் தந்தாக வேண்டும் என்றில்லை.

பயந்த மனத்துக்கு எது உதவும் என்பதில் எங்கள் துறைக்கு நாய்களிடம் ஒரு பெரிய கடன் உண்டு. 1967-ல் செலிக்மன், மேயர் என்ற உளவியலாளர்கள் நடத்திய சோதனையில், தப்பிக்க வழியில்லாமல் மின்னதிர்ச்சி பெற்ற நாய்களில் பெரும்பாலானவை, பிறகு ஒரு சிறு தடுப்பைத் தாண்டினால் தப்பலாம் என்ற நிலையிலும் முயலாமல் படுத்துவிட்டன. படிக்கும்போது இன்றும் வயிற்றைப் பிசையும் சோதனை அது. அந்த நாய்கள் இயலாமையைக் கற்றுக்கொண்டன என்றுதான் வெகுகாலம் பாடம் நடத்தினோம். 2016-ல் அதே இருவரும் மூளை ஆய்வுகளின் அடிப்படையில் அதைத் திருத்தி எழுதினார்கள். தொடர்ந்து துன்பம் வந்தால் சுருண்டு படுப்பது இயல்பாகவே வருவது. "என்னால் ஒன்றை மாற்ற முடியும்" என்பதுதான் கற்றுக்கொள்ளப்படுவது என்றார்கள்.

செவலைக்கு நீங்கள் தர வேண்டியது இதுதான்: அது விலகினால் விடுவார்கள், அது வந்தால் மட்டுமே தொடுவார்கள் என்ற அனுபவம். வீட்டில் ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு மூலை அதற்கென்று இருக்கட்டும். அங்கே போய்ப் படுத்துவிட்டால் யாரும் கூப்பிடக் கூடாது, குனிந்து எட்டிப் பார்க்கவும் கூடாது. தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு "வா, வா" என்று அழைக்காதீர்கள். ஆசைக்கும் பயத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கழுத்தை நீட்டி, பின்னங்கால்களைப் பின்னாலேயே ஊன்றி நிற்கும். அதற்குப் பதிலாகத் தின்பண்டத் துண்டை அதற்குப் பின்பக்கம் போய் விழுமாறு போடுங்கள். எடுக்க விலகிப் போகும், இறுக்கம் தளரும், அப்புறம் தானாகத் திரும்பி வரும். தடவ விட்டால் தலைக்கு மேல் கையைக் கொண்டுபோகாமல் மார்பிலோ தோளிலோ இரண்டு நொடி தடவிவிட்டு நிறுத்துங்கள். இன்னும் வேண்டும் என்றால் அருகில் வரும். உதட்டை நக்கினாலோ, தூக்கம் இல்லாமல் கொட்டாவி விட்டாலோ, கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தாலோ போதும் என்று அர்த்தம். இந்த ஜாடைகளைக் கண்டுகொள்ளாமல் விட்டால்தான் உறுமலும் கடியும் வருகின்றன.

பயந்த நாயை ஆறுதல்படுத்தினால் பயம் அதிகமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பயம் ஓர் உணர்ச்சி; அன்பு காட்டினால் அது வளராது. பயந்து உங்களிடம் ஒண்டினால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது ஒன்றுதான். புதிதாக வந்த பயந்த நாய் தப்பி ஓடுவது. ஒரு பட்டாசுச் சத்தமோ திறந்த கதவோ போதும். கழுத்துப்பட்டை மட்டும் போட்டால் பின்னால் நழுவி உருவிக்கொண்டு ஓடிவிடும். உடம்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸும் கழுத்துப்பட்டையும் சேர்த்துப் போட்டு, இரண்டிலும் தனித்தனிக் கயிறு மாட்டுங்கள். தொலைபேசி எண் பொறித்த வில்லை முதல் நாளே கழுத்தில் இருக்கட்டும். உங்கள் வீட்டில் இரவு கடைசியாகக் கதவைத் திறந்து வருகிறவர் கணவர்தான். செவலையை இன்னொரு கதவுக்குப் பின்னால் விட்ட பிறகே வாசல் திறக்க வேண்டும் என்பதை அவரோடு பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். "உனக்குப் பிடித்தால் சரி" என்பது இந்த விஷயத்தில் போதாது.

முடிவை ஒரேயடியாக எடுக்கவும் தேவையில்லை. தத்தெடுப்புக்கு முன் தற்காலிகப் பராமரிப்புக்குத் தருவார்களா என்று காப்பகத்தில் கேளுங்கள். 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், காப்பக நாய்களை ஓரிரு இரவுகள் வீட்டில் தங்கவைத்தபோது மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் என்ற ஹார்மோன் குறைந்தது. திரும்பியதும் பழைய அளவுக்கே போனது. ஆனால் செவலை மாதிரி நாய்க்கு இரண்டு நாள் போதாது, சில வாரங்கள் கேளுங்கள். ஆரம்பத்தில் யாரும் இல்லாதபோதுதான் சாப்பிடும், இரவில்தான் நடமாடும். அது பரவாயில்லை. ஒரு நாள் முழுக்க ஒன்றும் சாப்பிடாவிட்டாலோ தண்ணீர் குடிக்காவிட்டாலோ கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். வாரங்கள் ஆகியும் உறைந்தே கிடந்தால் பதற்றத்தைத் தணிக்கும் மருந்துகள் நாய்களுக்கும் உண்டு. மருத்துவர் பரிந்துரைத்தால் தயங்காமல் கொடுங்கள்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். அது கடைசிவரை மடியில் வந்து படுக்காமலே இருந்துவிடலாம். அப்படியானாலும், கூண்டில் சுவரைப் பார்த்து நின்ற நாய், உங்கள் வீட்டில் கால்களை நீட்டிப் பக்கவாட்டில் படுத்துத் தூங்கும். தான் பத்திரம் என்று தோன்றாத நாய் அப்படித் தூங்காது. நீங்கள் மேசையில் கணக்கு எழுதும்போது அது அதே அறையில் அப்படித் தூங்குவது மட்டும் உங்களுக்குப் போதுமா என்று பாருங்கள். எனக்கென்னவோ போதும் என்றே தோன்றுகிறது.

அம்மாவிடம் செவலையைப் பற்றி இனி வாதாட வேண்டாம். ஒருமுறை காப்பகத்துக்கு அழைத்துப் போய், உங்கள் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வையுங்கள். நாயைப் பார்க்க வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். திரும்பி வரும்போது அவர் சொல்வதைக் கேட்டபின் தற்காலிகப் பராமரிப்புக்கு எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்